சுயதொழில் செய்பவரின் பி.ஆர். விண்ணப்பம்: முதலாளி இல்லாதவரின் அனுபவம் எப்படி எண்ணப்படுகிறது?

வெள்ளவத்தையில் வீட்டு அறையிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர், கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக வயரிங் வேலை எடுப்பவர், பம்பலப்பிட்டியில் நான்கைந்து கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதுபவர். இவர்களுக்குத் தொழிலும் வருமானமும் இருக்கின்றன. "இவர் என்னிடம் இத்தனை ஆண்டு வேலை செய்தார்" என்று கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு முதலாளிதான் இல்லை.

2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கனடா, அவுஸ்திரேலியா பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவுரிமை, பற்றி விசாரிப்பவர்களில் இப்படியானவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. "சுயதொழில் விசாவை நிறுத்திவிட்டார்கள்" என்று ஓர் ஏஜென்சி சொல்லும். "தாராளமாகப் போடலாம்" என்று இன்னொன்று சொல்லும். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு திட்டங்களைப் பற்றிப் பேசுகின்றன. அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

மூன்று திட்டங்கள், ஒரே பெயர்

1. கனடாவில் "சுயதொழில் புரிவோர் திட்டம்" என்று தனியாக ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் எல்லாச் சுயதொழில்காரருக்கும் உரியது போலத் தோன்றும். உண்மையில் அது கலை, பண்பாடு, விளையாட்டுத் துறைகளுக்கு மட்டுமானது: இசைக் கலைஞர், எழுத்தாளர், பயிற்றுநர் போன்றவர்கள். 2024 ஏப்ரல் 30-ஆம் திகதியோடு இதற்குப் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதை நிறுத்தினார்கள். "நிறுத்திவிட்டார்கள்" என்ற பேச்சு இங்கிருந்து வருகிறது.

2. திறன்சார் தொழிலாளர் பிரிவு. இதில் கேள்வி "நீங்கள் என்ன தொழிலில், எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள்" என்பதுதான். அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்தீர்களா, சொந்தமாகச் செய்தீர்களா என்பது தகுதியைத் தீர்மானிப்பதில்லை. மென்பொருள் உருவாக்குநர், மின்தொழிலாளர், கணக்காளர் எல்லோரும் வரவேண்டிய வழி இது.

3. முதலீட்டாளர், தொழில்முனைவோர் விசாக்கள். அங்கே போய்ப் பணம் போட்டு வியாபாரம் தொடங்குபவர்களுக்கானவை. தொகையும் நிபந்தனையும் வேறு.

இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. கனடாவை விரிவாகவும், அவுஸ்திரேலியாவைச் சற்றுச் சுருக்கமாகவும் பார்ப்போம்.

கனடாவின் இரண்டு புள்ளிக் கணக்குகள்

திறன்சார் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கக் கனடா பயன்படுத்தும் இணையவழி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரியில் தொடங்கியது. கொழும்பிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் பெரும்பாலும் அதன் "கூட்டாட்சித் திறன்சார் தொழிலாளர்" பிரிவுக்குள் வருவார். இதில் இரண்டு புள்ளிக் கணக்குகள் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

முதலாவது, தகுதிப் புள்ளி. 100-க்கு 67 எடுத்தால்தான் உள்ளேயே போகலாம். மொழிக்கு 28 வரை, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கனடாவில் உறுதிசெய்யப்பட்ட வேலைக்கு 10, அங்கே பொருந்திப்போகும் வாய்ப்புக்கு 10.

இரண்டாவது, சி.ஆர்.எஸ். எனப்படும் தரவரிசைப் புள்ளி. மொத்தம் 1200. உள்ளே போனவர்களை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புவது இதை வைத்துத்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வயது 34: 12 புள்ளி. இளமாணிப் பட்டம்: 21. ஐ.ஈ.எல்.டி.எஸ். எனப்படும் ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் கேட்டல் 8, மற்ற மூன்றிலும் 7: இது கனடிய மொழி அளவில் 9-ஆம் நிலை, அதற்கு 24. நான்கு ஆண்டு சுயதொழில் அனுபவம்: 13. கூட்டினால் 70. தேறிவிடுகிறார்.

இப்போது அந்த நான்கு ஆண்டில் ஒன்றரை ஆண்டுக்குத்தான் சரியான சான்று இருக்கிறது என்று அதிகாரி முடிவு செய்கிறார் என்று வையுங்கள். அனுபவத்துக்கு 13-க்குப் பதில் 9. மொத்தம் 66. ஒரு புள்ளியால் விண்ணப்பம் விழுகிறது. அழைப்புக் கிடைத்து, கட்டணம் கட்டி, மருத்துவப் பரிசோதனையும் முடித்த பிறகு இது நடந்தால் இழப்பு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். சுயதொழில்காரரின் விண்ணப்பம் ஆங்கிலத்தாலோ பட்டத்தாலோ விழுவதைவிட இந்த இடத்தில் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

உறவுக்காரர் புள்ளி பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், நம் ஆட்களுக்கு இது முக்கியம். கனடாவில் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள பெற்றோர், உடன்பிறந்தார், மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா, உடன்பிறந்தாரின் பிள்ளைகள் இருந்தால் தகுதிக் கணக்கில் 5 புள்ளி. வாழ்க்கைத்துணையின் உறவும் சேரும். ஆனால் சி.ஆர்.எஸ். கணக்கில் உடன்பிறந்தவர் மட்டுமே எண்ணப்படுவார். அதற்கு 15 புள்ளி. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றுதான் சொல்கிறோம், அண்ணனாகத்தான் நினைக்கிறோம். படிவம் கேட்கும் அண்ணன் ஒரே தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர். டொரொண்டோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனை அந்த இடத்தில் எழுதுவது, வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், பிழையான தகவல் கொடுத்ததாகிவிடும்.

சொந்தத் தொழிலில் எது அனுபவமாகும்?

கனடாவின் விதியைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. வேலை ஊதியம் பெற்றதாக இருக்க வேண்டும். உறவினருக்கு இலவசமாகச் செய்து கொடுத்த இணையத்தளம் கணக்கில் வராது.

2. குறைந்தது ஓர் ஆண்டு முழுநேர வேலை, அதாவது வாரம் 30 மணி நேரம் என்ற கணக்கில் 1,560 மணி நேரம். பகுதிநேரமாகச் செய்தால் வாரம் 15 மணி நேரப்படி இரண்டு ஆண்டு. வாரம் 60 மணி நேரம் உழைத்து ஆறு மாதத்தில் முடித்துவிட முடியாது. 30-க்கு மேற்பட்ட மணி நேரத்தை எண்ணமாட்டார்கள்.

3. அந்த ஓர் ஆண்டு இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் இருக்கவும் வேண்டும்.

4. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் 0, 1, 2, 3 நிலைகளுக்குள் அந்தத் தொழில் வர வேண்டும். மென்பொருள் உருவாக்குநர் 21232, வரைகலை வடிவமைப்பாளர் 52120, மின்தொழிலாளர் 72200 என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு.

5. அந்த இலக்கத்தின் கீழ் எழுதியிருக்கும் கடமைகளில் கணிசமானவற்றை நீங்கள் உண்மையில் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவதும் ஐந்தாவதும் சுயதொழில்காரருக்குச் சிக்கலானவை. சம்பள வேலையில் இருப்பவருக்கு வேலை குறைந்த மாதமும் வேலை மாதம்தான். ஒப்பந்த வேலை செய்பவருக்கு ஒரு வேலை முடிந்து அடுத்தது வர இரண்டு மாதம் ஆனால், அந்த இரண்டு மாதம் தாளில் வெறுமையாகத் தெரியும். முதன்மை ஆண்டாக எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போது, மாதந்தோறும் பணம் வந்திருக்கும் ஓர் ஆண்டைத் தேடி எடுக்க வேண்டும்.

கடமை விஷயத்தில் இன்னொரு சிக்கல். நான்கு பேரை வைத்து வயரிங் வேலை செய்பவர் தன்னை "உரிமையாளர்" என்று எழுதுகிறார். அவருடைய நாளில் பாதி விலை பேசுவதிலும் பொருள் வாங்குவதிலும் போகிறது. அவர் மின்தொழிலாளரா, ஒப்பந்தக்காரரா, மேலாளரா? விண்ணப்பத்தில் எந்த இலக்கத்தைப் போடுகிறாரோ, வாடிக்கையாளர் கடிதங்களும் அந்த வேலையையே சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையில் "பணிப்பாளர்" என்று இருப்பதற்கு அதிகாரி மதிப்பெண் கொடுப்பதில்லை. கை என்ன செய்தது என்றுதான் பார்க்கிறார்.

மின்தொழிலாளர்களுக்கு ஒரு குறிப்பு. கனடாவில் கைவினைத் தொழிலாளருக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதில் ஆங்கில நிபந்தனையும் குறைவு. ஆனால் அதற்குக் கனடிய வேலை வாய்ப்போ கனடிய மாகாணம் ஒன்றின் தொழில் சான்றிதழோ வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு அவற்றைப் பெறுவது மிகக் கடினம். அதனால் அவர்களுக்கும் திறன்சார் தொழிலாளர் பிரிவுதான் நடைமுறை வழி. அங்கே நான்கு பகுதிகளிலும் மொழி நிலை 7, அதாவது ஐ.ஈ.எல்.டி.எஸ். 6.0, கட்டாயம்.

அப்புறம், ஏற்கெனவே கனடாவில் இருக்கும் மாணவர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்வி: அங்கே போய்ச் செய்த சுயதொழில் எண்ணப்படுமா? கனடாவிலேயே வேலை செய்தவர்களுக்கான "கனடிய அனுபவப் பிரிவில்" எண்ணப்படாது. இலங்கையில் செய்தது திறன்சார் தொழிலாளர் பிரிவில் எண்ணப்படும். இங்கே ஓடும் விதி அங்கே ஓடாது என்பதால், டொரொண்டோவில் இருக்கும் நண்பர் "சுயதொழில் செல்லாது" என்று சொன்னால் அவர் தன் பிரிவைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்.

எது சான்று, எது சான்றில்லை

இதுதான் கட்டுரையின் மையம். சுயதொழில் அனுபவத்துக்குக் கனடா கேட்பது மூன்று வகைத் தாள்கள்:

1. தொழில் உங்களுடையது என்பதற்கான அத்தாட்சி: கம்பனிப் பதிவு, வணிகப் பெயர்ப் பதிவு அல்லது அதற்கு இணையான ஒன்று.

2. அந்தத் தொழிலிலிருந்து வருமானம் வந்தது என்பதற்கான அத்தாட்சி.

3. மூன்றாம் தரப்பினர் கொடுக்கும் ஆவணம்: என்ன சேவை பெற்றார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற விவரத்தோடு.

இதோடு ஒரு வரியையும் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள்: விண்ணப்பதாரர் தன் கடமைகளைத் தானே எழுதிக் கொடுப்பதும், சத்தியக்கடதாசியும் சான்றாக ஏற்கப்படமாட்டா.

நம் நாட்டில் இந்த வரியின் பாதிப்பு பெரிது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சத்தியக்கடதாசி. முகவரி மாறினால் சத்தியக்கடதாசி. சமாதான நீதவானிடமோ சட்டத்தரணியிடமோ போய் முத்திரை குத்தினால் காரியம் முடிந்தது என்பது நமக்குப் பழக்கம். அதனால்தான் ஏழு ஆண்டு உழைப்பையும் ஒரு சத்தியக்கடதாசியில் எழுதி, அழகாக முத்திரை வைத்து இணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கனடாவின் பார்வையில் அது, நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்னது, அவ்வளவுதான். முத்திரை உங்கள் கையெழுத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. உங்கள் வேலையை உறுதிப்படுத்துவதில்லை.

ஆகவே கோப்பின் பலம் மற்றவர்கள் உண்டாக்கிய தாள்களில் இருக்கிறது. வங்கி அச்சிட்டது, வரித் திணைக்களம் கொடுத்தது, வாடிக்கையாளர் எழுதியது. இவை மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்: மார்ச் மாதம் இன்வொய்ஸ் போட்ட தொகை, ஏப்ரலில் வங்கியில் வந்து விழுந்த தொகை, வாடிக்கையாளர் கடிதத்தில் இருக்கும் தொகை, அந்த ஆண்டின் வரி அறிக்கையில் சேர்ந்த தொகை.

வாடிக்கையாளர் கடிதம் "இவர் நல்லவர், திறமையானவர்" என்ற நற்சான்றாக இருந்தால் பயனில்லை. அதில் இருக்க வேண்டியவை: நிறுவனத்தின் கடிதத்தாள், எழுதுபவரின் பெயரும் பதவியும், தொலைபேசி, மின்னஞ்சல், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, வாரம் சுமார் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, மொத்தம் எவ்வளவு பணம் எந்த வழியாகக் கொடுத்தார்கள். மூன்று பெரிய வாடிக்கையாளர்களிடம் இப்படி ஆளுக்கொரு கடிதம் வாங்குவது, இருபது பேரிடம் இரண்டு வரி வாங்குவதைவிட மேல் என்பது என் கருத்து.

கொழும்பில் சங்கிலி அறுபடும் இடங்கள்

விதி கனடாவுடையது. தாள் உண்டாவது கொழும்பில். இங்கேதான் ஓட்டைகள்.

வணிகப் பதிவு. தனியாள் வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தின் மூலம் பதியலாம். வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய. தனியார் கம்பனி என்றால் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கம்பனிகள் பதிவாளரிடம். பலர் வேலையை 2019-இல் தொடங்கி, வங்கிக் கணக்கு திறக்க வேண்டும் என்பதற்காக 2023-இல் பதிந்திருப்பார்கள். பதிவுக்கு முந்தைய ஆண்டுகள் தானாகவே செல்லாமல் போய்விடுவதில்லை. ஒப்பந்தமும் பணவரவும் இருந்தால் காட்டலாம். கவனிக்க வேண்டிய இன்னொன்று, "வியாபாரத்தின் தன்மை" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. வரைகலை வடிவமைப்பாளரின் பதிவில் அந்த இடத்தில் "பொது வர்த்தகம்" என்று இருந்தால், முதல் தாளே மற்றத் தாள்களோடு முரண்படுகிறது.

பணம் வந்த வழி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பேபால் மூலம் இலங்கைக்குள் பணம் பெறும் வசதி நீண்ட காலமாகக் கிடைக்காமலே இருந்தது. அதனால் லண்டனில் இருக்கும் அக்காவின் பேபால் கணக்கில் பணத்தை வாங்கி, அவர் பெயரில் இங்கே அனுப்பச் செய்தவர்கள் உண்டு. வங்கிக் கூற்றில் அது அக்கா தம்பிக்கு அனுப்பிய குடும்பப் பணமாகத்தான் தெரியும். 2021 பிற்பகுதியிலும் 2022 தொடக்கத்திலும் வங்கியில் டொலர் 203 ரூபாயை ஒட்டி நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது, வெளியே கூடுதல் விலை கிடைத்தது என்று, வங்கிக்கு வெளியே பணம் கைமாறும் உண்டியல் வழியாக எடுத்தவர்களும் உண்டு. அந்த நேரத்து நெருக்கடியில் ஒரு குடும்பம் அப்படிச் செய்ததன் காரணம் புரிகிறது. ஆனால் அந்த மாதங்களின் உழைப்புக்கு இன்று ஒரு தாள்கூட இல்லை. பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றமாகவோ பெற்றவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அப்வேர்க் போன்ற இணைய வேலைத் தளங்களில் மணி நேரக் கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு நேரப் பதிவேடும் சேர்ந்து கிடைக்கிறது. 1,560 மணி நேரத்தைக் காட்ட அதைவிட நல்ல துணை கிடையாது.

உள்ளூரில் காசாக வாங்குபவர்கள் பற்றுச்சீட்டுப் புத்தகம் வைத்து, வாங்கிய காசை வாரந்தோறும் வங்கியில் போட்டு வந்தால் அது வருமானத் தடமாகும். வாங்கிய கையோடு செலவாகிவிட்டால் தடமே இல்லை.

வரி. "வரிக் கோப்பு இல்லை, அதனால் விண்ணப்பிக்க முடியாது" என்று நினைத்துப் பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் ஒவ்வொரு காலத்திலும் எப்படி இருந்தது என்று தெரிந்தால் இதை விளக்க முடியும்:

1. 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை தனிநபர் வரி நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் என்ற அளவில் இருந்தது. மாதம் இரண்டரை இலட்சத்துக்குக் குறைவாக உழைத்தவருக்கு அந்தக் காலத்தில் வருமான வரி வரவில்லை.

2. 2023 ஜனவரியிலிருந்து அது ஆண்டுக்கு 12 இலட்சமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம்.

3. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்த வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கு அதிகபட்சம் 15 சதவீத வரி.

ஆகவே 2021-க்கு வரி அறிக்கை இல்லாமைக்கு நேர்மையான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பட்டயக் கணக்காளர் தயாரித்த வருமான அறிக்கையோடு இணைக்கலாம். 2025 ஏப்ரலுக்குப் பிறகும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து, வரி வரும் அளவு உழைத்தும் கோப்புத் திறக்காமல் இருப்பவருக்கு அந்த விளக்கம் இல்லை. ரின் இலக்கம் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கத்தை எடுத்து, ஆண்டு அறிக்கையை நவம்பர் 30-க்கு முன் கொடுப்பது இப்போது பி.ஆருக்காகவும் செய்ய வேண்டிய வேலை. குடிவரவுப் படிவத்தில் ஒரு வருமானம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வேறொரு வருமானம் என்று இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நண்பரின் கம்பனிக் கடிதம்

இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு என்று, நண்பரின் கம்பனியில் ஊழியராக இருந்ததாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இலங்கையில் ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதி இருக்க வேண்டும்: ஊழியரின் 8 சதவீதம், முதலாளியின் 12 சதவீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம். சம்பளச் சீட்டு இருக்க வேண்டும், வங்கியில் சம்பளம் வந்திருக்க வேண்டும். ஒரு கடிதப் பொய்யைத் தாங்கப் பத்துத் தாள் பொய் வேண்டும். அதிகாரி அந்தக் கம்பனிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலே போதும்.

விளைவு நிராகரிப்போடு நிற்பதில்லை. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40-ஆம் பிரிவின்படி, பிழையான தகவல் கொடுத்தவர் 5 ஆண்டு உள்ளே நுழையவோ பி.ஆருக்கு விண்ணப்பிக்கவோ முடியாது. அவுஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுத் தடை. 34 வயதில் 5 ஆண்டு போனால், 39 வயதில் அந்தப் புள்ளிகள் திரும்பி வராது. உண்மையான உழைப்பு உள்ளவர் அதை மறைத்துப் பொய்யான வேலையைக் காட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு!

கனடாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் செய்து கொடுப்பவர், எந்த நாட்டில் இருந்தாலும், கனடிய வழக்கறிஞராகவோ கியூபெக் நொத்தாரிசாகவோ அங்குள்ள குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் "கல்லூரி" என்ற அமைப்பின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குவது இதற்குப் போதாது. அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது.

அவுஸ்திரேலியா: முதலில் திறன் மதிப்பீடு

அவுஸ்திரேலியாவின் அமைப்பில் வித்தியாசம் என்னவென்றால், அனுபவத்தை முதலில் பார்ப்பது குடிவரவு அதிகாரி அல்ல. தொழிலுக்கு ஏற்ற மதிப்பீட்டு நிறுவனம் பார்க்கிறது: கணினித் துறைக்கு அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம், பொறியியலாளருக்கு எஞ்ஜினியர்ஸ் அவுஸ்திரேலியா, பல பொதுத் தொழில்களுக்கு வெட்அசெஸ். அதன் பிறகுதான் 189, 190, 491 என்ற இலக்கங்களைக் கொண்ட திறன்சார் விசாக்களுக்கான விருப்பத்தைப் பதியலாம். வயது 45-க்குள், குறைந்தது 65 புள்ளி.

வெளிநாட்டு அனுபவம் 3 ஆண்டுக்கு 5 புள்ளி, 5 ஆண்டுக்கு 10, 8 ஆண்டுக்கு 15. வாரம் 20 மணி நேரம் போதும் என்பது கனடாவைவிடச் சற்று இலகு. ஆனால் கணினிச் சங்கம் அனுபவத்தின் ஒரு பகுதியைத் தகுதிக்கான காலமாகக் கழித்துவிடும். பட்டம் தொழிலோடு நெருங்கியதாக இருந்தால் பொதுவாக 2 ஆண்டு. அதாவது 5 ஆண்டு நிரூபித்தவருக்கு 3 ஆண்டுக்கான புள்ளிதான். சுயதொழில்காரரிடம் வணிகப் பதிவு, வரி ஆவணம், கணக்காளர் அல்லது சட்டத்தரணியின் கடிதம், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் என்று கிட்டத்தட்ட அதே கோப்பைத்தான் கேட்பார்கள். ஒரு நாட்டுக்காகச் சேர்த்தது மற்றதற்கும் உதவும்.

நியூசிலாந்தின் திறன்சார் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் வேலை வேண்டும். பிரித்தானியாவின் திறன்சார் விசாவுக்கும் அனுமதி பெற்ற முதலாளி வேண்டும். சுயதொழில்காரராகவே போக இந்த இரண்டும் வழியில்லை.

தகுதி இருந்தும் அழைப்பு வராதது ஏன்?

சரி, எல்லாத் தாளும் இருக்கிறது, 67-உம் தாண்டியாயிற்று. அழைப்பு வருமா? இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2025-இல் கனடா நடத்திய அழைப்புச் சுற்றுகள் கனடிய அனுபவம் உள்ளவர்கள், மாகாண நியமனம் பெற்றவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், சுகாதாரம், கல்வி, கைவினை போன்ற துறையினர் என்று பிரிந்தே நடந்தன. கனடிய அனுபவப் பிரிவின் வெட்டுப்புள்ளி 500-க்கு மேலேயே நின்றது. கொழும்பில் இருக்கும், பிரெஞ்சு தெரியாத, அந்தத் துறைகளில் இல்லாத ஒருவருக்கு மீதி இருக்கும் பெரிய கதவு மாகாண நியமனம், அதாவது ஒரு கனடிய மாகாணம் தானே அவரைத் தேர்ந்தெடுத்து முன்மொழிவது. அது 600 புள்ளி தரும், கிடைத்தால் அழைப்பு ஏறக்குறைய உறுதி.

பிரெஞ்சு சுற்றுகளில் அதே ஆண்டு வெட்டுப்புள்ளி 400-ஐ ஒட்டிக்கூட இறங்கியது. நான்கு பகுதிகளிலும் 7-ஆம் நிலை வேண்டும். அது ஓரிரு ஆண்டு உழைப்பு. பார்ன்ஸ் பிளேசில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் இன்று சேருபவர், வயதால் குறையும் புள்ளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனியாளுக்கு 29 வயதில் 110 ஆக இருக்கும் வயதுப் புள்ளி, 34-இல் 83, 35-இல் 77.

சி.ஆர்.எஸ். கணக்கில் இன்னொரு நுணுக்கம்: வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளி 3 ஆண்டோடு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆங்கிலம் 9-ஆம் நிலையில் இருந்தால் ஒன்று, இரண்டு ஆண்டுக்கு 25, மூன்றுக்கு மேல் 50. அதற்கு மேல் எத்தனை ஆண்டு காட்டினாலும் 50-தான். ஆகவே தகுதிப் புள்ளி இடம் கொடுத்தால், உண்டியலில் பணம் எடுத்த அந்தப் பலவீனமான மாதங்களுக்குப் புள்ளி கேட்காமல், உறுதியான 3 ஆண்டுக்கு மட்டும் கேட்கலாம். மற்ற ஆண்டுகளைத் தனிப்பட்ட வரலாற்றுப் பகுதியில் உள்ளபடி எழுத வேண்டும். அதை மறைக்கக் கூடாது.

60 நாள்

அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தையும் கொடுக்க 60 நாள். அந்த நேரத்தில் பொலிஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை, சிங்கள, தமிழ் ஆவணங்களின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, குடியேற்ற நிதிக்கான வங்கிக் கடிதம் எல்லாம் வேண்டும். நிதி 2025 ஜூலைக் கணக்கின்படி தனியாளுக்கு 15,263 கனடிய டொலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362. கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது, கடந்த 6 மாதச் சராசரி இருப்பும் கடிதத்தில் வரும். அந்த ரூபாயை டொலராக்கி வெளியே கொண்டுபோவதற்கு மத்திய வங்கியின் வரம்புகள் தனியாக இருக்கின்றன. உங்கள் வங்கியில் அதை முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

இவை எல்லாம் 60 நாளுக்குள் ஓடித்திரிந்து எடுக்கக்கூடியவை. வாடிக்கையாளர் கடிதத்தை அப்படி எடுக்க முடியாது. 2021-இல் உங்களுக்கு வேலை கொடுத்த புறக்கோட்டைக் கடை 2022-இல் மூடப்பட்டிருக்கலாம், மெல்பேர்ண் நிறுவனத்தில் உங்களைத் தெரிந்த ஒரே முகாமையாளர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு வேலை முடியும்போதும் கடைசிப் பணம் வரும் அதே வாரத்தில், ஆள் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்த மாதமே எழுதுங்கள்.